படிகத்தின் மேல் பழி போடாதீர்கள்: நார் ஆய்வு மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆய்வு மாணவர்களுக்கு,

வாழை நார், தேங்காய் நார், சணல், கற்றாழை, பருத்தி என்று ஏதாவது ஒரு செல்லுலோஸ் இழையை எடுத்துக்கொண்டு அதன்மேல் அக்ரிலிக் அமிலத்தையோ, மெத்தில் மெத்தாக்ரிலேட்டையோ, அக்ரிலோநைட்ரிலையோ கிராஃப்ட் செய்துகொண்டிருக்கும் உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். உங்களில் சிலர் வேதியியல் துறையில் இருக்கிறீர்கள், சிலர் ஜவுளித் தொழில்நுட்பத்தில், சிலர் கலப்புப் பலகை செய்யும் இயந்திரவியல் துறையில். துறை எதுவானாலும், நான் மதிப்பிட வரும் ஆய்வேடுகளின் நான்காம் அத்தியாயத்தில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது. ‘பாலிமர் சங்கிலிகள் இழைக்குள் நுழைந்ததால் செல்லுலோஸின் படிக அமைப்பு சிதைந்தது, எனவே படிகத்தன்மைக் குறியீடு குறைந்தது’ என்கிற வாக்கியம்.

நீங்கள் ஏற்றிய பாலிமர் உண்மை. எடுத்த எக்ஸ்ஆர்டி வரைபடமும் உண்மை. குறியீடு குறைந்ததும் உண்மை. ஆனால் படிகம் சிதைந்தது என்பதற்கு அந்த வரைபடத்தில் பெரும்பாலும் எந்தச் சாட்சியமும் இருப்பதில்லை. முந்தைய ஆய்வேட்டில் இருந்தது, அதற்கு முந்தைய கட்டுரையில் இருந்தது, அதனால் இதிலும் இருக்கிறது. இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஏனென்றால், இரண்டு மூன்று வருடம் கைவலிக்க நார் உரித்து, அமிலத்தில் ஊறவைத்து, இரவெல்லாம் சாக்ஸ்லெட்டில் கழுவி, நீங்கள் சேர்த்த தரவு இதைவிட நல்ல விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைக் காதில் வாங்காமல் விட்டுவிடுகிறீர்கள்.

இழைக்குள் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். பிரெஞ்சு வேதியியலர் ஆன்செல்ம் பாயன் 1838இல் தாவரங்களிலிருந்து செல்லுலோஸைப் பிரித்துக் காட்டினார். அது குளுக்கோஸ் வளையங்கள் கோத்த ஒரு நேரான நீண்ட சங்கிலி. அடுத்தடுத்த வளையங்கள் ஒன்றுக்கொன்று புரண்டு நிற்பதால் இரண்டு வளையம் சேர்ந்தது ஓர் அலகு. அதன் நீளம் 1.03 நானோமீட்டர். ஒவ்வொரு வளையத்திலும் மூன்று ஹைட்ராக்சில்கள், 2ஆம், 3ஆம், 6ஆம் கார்பன்களில். ஒரு சங்கிலி பக்கத்துச் சங்கிலியோடு ஹைட்ரஜன் பிணைப்பால் இணைந்து தகடாகிறது. தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று நெருக்கமாகப் படிந்து படிகமாகின்றன. நிஷியாமா, லாங்கன், ஷான்சி ஆகிய மூவரும் 2002இல் சிங்க்ரோட்ரான் எக்ஸ்கதிரையும் நியூட்ரானையும் வைத்து இந்த அமைப்பை அணு அணுவாக வரைந்து காட்டினார்கள். அந்தப் படத்தை எடுத்து மேசைமேல் வைத்துப் பாருங்கள். தகடுகளுக்கிடையே தண்ணீர் மூலக்கூறு ஒன்று நுழையக்கூட இடம் கிடையாது.

இது வெறும் படத்தில் மட்டும் தெரிகிற செய்தி அல்ல. பருத்தியை நனைத்து எக்ஸ்ஆர்டி எடுத்தாலும் படிக உச்சங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். பருத்தி காற்றிலிருந்து ஏழு, எட்டு சதவீத ஈரத்தை வாங்கிக்கொள்கிறதே, அத்தனையும் படிகத்துக்கு வெளியே தங்குகிறது. ஒழுங்கு குலைந்த பகுதிகளில், நுண்துளைகளில், படிகத்தின் மேற்பரப்பில். தண்ணீரே போகாத இடத்துக்குத் தண்ணீரில் கரைந்த மோனோமர் எப்படிப் போகும்? அறை வெப்பத்திலோ 60 டிகிரியிலோ நீர்க்கரைசலில் நீங்கள் செய்யும் கிராஃப்டிங்கில் மோனோமர் போகிற வழி தண்ணீர் திறந்துவிட்ட வழிதான்.

அப்படியானால் படிகத்துக்கு வெளியே இவ்வளவு பாலிமர் ஏற்றப் போதுமான ஹைட்ராக்சில் இருக்கிறதா என்று ஒரு மாணவி வாய்மொழித் தேர்வில் என்னைத் திருப்பிக் கேட்டார். நல்ல கேள்வி. படிக இழை மிக மெல்லியது. மரத்தில் சுமார் 3 நானோமீட்டர், பருத்தியில் அதைவிடச் சற்றுப் பருமன். ஆறுக்கு ஆறு என்று 36 சங்கிலிகளைச் சதுரமாக அடுக்கிப் பாருங்கள்: 20 சங்கிலிகள் வெளிவிளிம்பில் நிற்கும், 16தான் உள்ளே. பாதிக்கும் மேற்பட்ட சங்கிலிகள் மேற்பரப்பில்! அவற்றில் வெளியே பார்க்கும் ஹைட்ராக்சில்களுக்குத் தண்ணீரும் எட்டும், கிராஃப்டிங்கைத் தொடங்கிவைக்கும் சீரியமும் எட்டும். அதற்குமேல் ஒழுங்கு குலைந்த பகுதி வேறு இருக்கிறது. தவிர, கிராஃப்டிங் சதவீதம் ஏறுவதற்குத் தொடக்கப் புள்ளிகள் நிறைய வேண்டும் என்பதில்லை. சில இடங்களில் முளைத்த சங்கிலிகள் நீண்டு வளர்ந்தாலே எடை ஏறிவிடும்.

இனி உங்கள் தொடக்கிக்கு வருவோம். உங்களில் பெரும்பாலோர் பயன்படுத்துவது சீரிக் அம்மோனியம் நைட்ரேட். மினோவும் கைசர்மனும் 1958இல் காட்டிய வழி அது. நைட்ரிக் அமிலத்தில் கரைத்தால் ஆரஞ்சு கலந்த மஞ்சள். நைட்ரஜன் வாயுவைக் குமிழவிட்டு, ஆக்ஸிஜனை விரட்டி, நார் ஊறியிருக்கும் குடுவையில் ஊற்றினால் சிறிது நேரத்தில் கரைசல் வெளிறத் தொடங்கும். நாலு மின்னேற்றம் கொண்ட சீரியம் மூன்றாக இறங்குவதன் அடையாளம் அந்த வெளிறல். அது குளுக்கோஸ் வளையத்தின் 2ஆம், 3ஆம் கார்பன் ஹைட்ராக்சில்களைப் பிடித்துக்கொண்டு, அந்த இரு கார்பன்களுக்கும் நடுவிலுள்ள பிணைப்பை அறுக்கிறது. வளையம் திறக்கிறது, ஒரு பக்கம் ஆல்டிஹைடு, இன்னொரு பக்கம் ஃப்ரீ ராடிகல். மோனோமர் அந்த ராடிகலில் வந்து கோத்துக்கொள்கிறது. வளையம் திறந்தாலும் சங்கிலி அந்த இடத்தில் உடனே துண்டாவதில்லை, ஆனால் பலவீனமாகிவிடுகிறது. சூடும் அமிலமும் காரமும் பிறகு அதை அங்கேயே வெட்டலாம். இதை நினைவில் வையுங்கள், இழையின் வலிமையைப் பற்றிப் பேசும்போது திரும்ப வருகிறேன்.

பாலிமர் இழைக்குள் வளரும்போது உண்மையில் எதைத் தள்ளுகிறது? இதற்கு அழகான ஒரு சாட்சியம் இருக்கிறது. உங்கள் ஆய்வேடுகளில் அதை நான் பார்ப்பதே இல்லை. அமெரிக்க வேளாண்மைத் துறைக்கு நியூ ஆர்லியன்ஸில் பருத்தியையும் ஆராயும் ஓர் ஆய்வுக்கூடம் உண்டு. அங்கே மேரி ரோலின்ஸும் அவருடைய சகாக்களும் 1960களில் ஒரு நுண்ணோக்கி உத்தியை வளர்த்தெடுத்தார்கள். பருத்தி இழையை முதலில் ஊதவைத்து, அதற்குள் மெத்தாக்ரிலேட் மோனோமரை ஊறவிட்டு, உள்ளேயே பாலிமராக்குவார்கள். பிறகு குறுக்காக மெல்லிய சீவலாக வெட்டி, பாலிமரைக் கரைத்து எடுத்துவிட்டு, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைப்பார்கள். இழைச் சுவர் அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும். வளர்ந்த பாலிமர் அடுக்குகளை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி ஊதவைத்திருக்கும்.

அதே வேலையைச் சுருக்கம் விழாத சட்டைத்துணிக்காக ரெசின் ஏற்றிக் குறுக்குப்பிணைப்பு போட்ட பருத்தியில் செய்தால் அடுக்குகள் பிரிய மறுக்கும். அந்த ரெசின் ஆய்வில் பெரும்பங்கு ஆற்றிய ரூத் பெனரிட்டோவும் அதே கூடத்தில் வேலை செய்தவர்தான். சிறிய மூலக்கூறுகள் அடுக்குகளுக்கிடையே பாலம் போட்டுக் கட்டிவிட்டதால் அந்தப் பருத்தியால் ஊத முடியவில்லை. அடுக்குகள் நகர முடியாததால்தான் சுருக்கம் விழுவதில்லை. அதனாலேயே இழுவிசையைப் பகிர்ந்துகொள்ளவும் முடியாமல் அந்தத் துணி சீக்கிரம் கிழிகிறது. கிராஃப்டிங் விலக்குகிறது, குறுக்குப்பிணைப்பு கட்டுகிறது. இரண்டுமே அடுக்குகளுக்கும் நுண்ணிழைகளுக்கும் இடையிலுள்ள வெளியில் நடக்கிற காரியங்கள். படிகத்தின் உட்புறம் இரண்டிலும் தன் பாட்டுக்கு இருக்கிறது.

பிறகு ஏன் குறியீடு குறைகிறது? நீங்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தும் சீகல் சூத்திரமும் அதே நியூ ஆர்லியன்ஸ் கூடத்தில் பிறந்ததுதான். லியான் சீகலும் மூன்று சகாக்களும் 1959இல் வெளியிட்டார்கள். 22.7 டிகிரிக்கு அருகிலுள்ள பெரிய உச்சத்தின் உயரத்தை எடு, 18 டிகிரியிலுள்ள பள்ளத்தின் உயரத்தைக் கழி, மீதியை உச்சத்தின் உயரத்தால் வகு, நூறால் பெருக்கு. பருத்தியில் படிகத்தன்மை கூடியதா குறைந்ததா என்று வேகமாக ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவர்கள் செய்த அனுபவ முறை அது. இயற்கைச் செல்லுலோஸுக்கு மட்டும் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். வேறொரு பாலிமர் கலந்து கிடக்கும் மாதிரிக்கு அந்தச் சூத்திரம் எழுதப்படவே இல்லை.

காகிதத்தில் ஒரு கணக்குப் போடுங்கள். கிராஃப்ட் செய்யாத நாரில் உச்சம் 1000, பள்ளம் 200 என்று வைத்துக்கொள்வோம். குறியீடு 80. இப்போது நூறு சதவீதம் கிராஃப்டிங், அதாவது நாரின் எடைக்குச் சமமான எடையில் பாலிமர். எக்ஸ்கதிர் படும் மாதிரியில் செல்லுலோஸ் பாதிதான். ஆகவே செல்லுலோஸின் பங்கு உச்சத்தில் 500, பள்ளத்தில் 100. படிகமில்லாத பாலிமர் தன் பங்குக்கு அகன்ற ஒரு மேட்டை எழுப்பும். அது 18 டிகிரியில் 200, 22.7இல் 100 சேர்க்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம்: உச்சம் 600, பள்ளம் 300. குறியீடு 50! எண்பதிலிருந்து ஐம்பதுக்கு இறங்கிவிட்டது, ஒரே ஒரு படிகம்கூட அசையாமல். ஒரு படி அரிசியில் ஒரு படி உமியைக் கொட்டிவிட்டு, அரிசி பாதி நொறுங்கிப்போனது என்று யாரும் சொல்வதில்லை.

எந்தப் பாலிமர் என்பதைப் பொறுத்து இந்த மயக்கம் கூடும் குறையும். பாலிஸ்டைரீனின் அகன்ற மேடு 19, 20 டிகிரி வட்டாரத்தில் உட்காரும்; பள்ளத்தை நேராகத் தூக்கிவிடும். பாலிஅக்ரிலோநைட்ரில் இன்னும் மோசம். அதற்கு 17 டிகிரியை ஒட்டி நல்ல கூர்மையான உச்சமே உண்டு. செல்லுலோஸின் 16.5 டிகிரி உச்சத்தோடு அது ஒட்டிக்கொண்டு வரும். 18 டிகிரிப் பள்ளம் அதன் சரிவில் மாட்டிக்கொள்ளும். அக்ரிலோநைட்ரில் ஏற்றிய ஒருவர் குறியீடு கிடுகிடுவென்று விழுகிறது என்றும், வேறொரு மோனோமர் ஏற்றிய பக்கத்து மேசைக்காரர் அவ்வளவாக விழவில்லை என்றும் எழுதி, ‘நைட்ரில் தொகுதி செல்லுலோஸ் படிகத்தை அதிகம் சிதைக்கிறது’ என்று முடிவு கட்டியதை வாசித்திருக்கிறேன். அவர் அளந்தது நைட்ரில் பாலிமரின் சொந்த உச்சம்.

சீகல் முறையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அதே கூடத்தின் ஆல்ஃபிரட் பிரெஞ்ச், சான்டியாகோ சின்ட்ரோனுடன் சேர்ந்து 2013இல் அதைக் காட்டினார். ஒழுங்கு குலைந்த பகுதி துளியும் இல்லாத, முழுப் படிகத்தின் எக்ஸ்ஆர்டியைக் கணினியில் கணக்கிட்டார்கள். படிகத்தின் பருமனைக் குறைத்துக்கொண்டே வந்தால் உச்சங்கள் அகலமாகி ஒன்றன்மேல் ஒன்று படிந்து, 18 டிகிரியில் பள்ளம் தானாக மேலேறுகிறது. நூறு சதவீதம் படிகமான ஒன்றுக்கே குறியீடு குறைவாக வருகிறது. ஆக, குறியீட்டின் எண்ணில் படிகத்தின் அளவு, பருமன், அயல் பாலிமரின் மேடு எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. அதை மட்டும் வைத்து எது மாறியது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஒரே நுண்படிகச் செல்லுலோஸ் பொடியை உச்ச உயர முறையில் அளந்தால் தொண்ணூறுக்கு மேலும், திடநிலை என்எம்ஆரில் அளந்தால் அறுபதுக்குக் கீழும் வருவதை 2010இல் வெளிவந்த ஓர் ஒப்பீட்டுக் கட்டுரை பதிவு செய்திருக்கிறது. நீங்களோ புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் போட்டு எழுதுகிறீர்கள்!

இதே கணக்கு தலைகீழாகவும் ஏமாற்றும். கிராஃப்டிங்குக்கு முன் நாரை ஐந்து சதவீதக் காஸ்டிக் சோடாவில் ஊறவைக்கிறீர்கள். குறியீடு ஏறுகிறது. ‘காரம் படிகத்தன்மையைக் கூட்டியது’ என்று எழுதுகிறீர்கள். காரம் ஹெமிசெல்லுலோஸையும் லிக்னினில் ஒரு பகுதியையும் கரைத்து வெளியே எடுத்தது. மீதியில் செல்லுலோஸின் பங்கு கூடியது. புதிதாகப் படிகம் எதுவும் பிறக்கவில்லை. தேங்காய் நாரில் எடையில் கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் லிக்னின் என்பதால் அங்கே இந்தக் கணக்கு இன்னும் பெரிதாக ஆட்டம் காட்டும்.

காரத்தின் செறிவு ஏறினால் கதையே வேறு. ஜான் மெர்சர் 1850இல் காப்புரிமை பெற்ற வழியில், 18 முதல் 25 சதவீதக் காஸ்டிக்கில் பருத்தியை முக்கும்போது படிகம் உண்மையிலேயே மாறுகிறது. காரம் படிகத்துக்குள் புகுந்து சங்கிலிகளை விலக்கி, கழுவியபின் அவை வேறு விதமாக அடுக்கிக்கொள்கின்றன. செல்லுலோஸ் ஒன்று செல்லுலோஸ் இரண்டாகிவிடும், திரும்பி வராது. அவரைவிதைபோல் மடிந்து கிடந்த குறுக்குவெட்டு உருண்டையாகும். எக்ஸ்ஆர்டியில் 12, 20, 22 டிகிரி வட்டாரத்தில் புது உச்சங்கள் எழும். அப்போது 18 டிகிரி பள்ளமாகவே இருக்காது, 20 டிகிரி உச்சத்தின் தோளாக இருக்கும். அங்கே போய்ச் சீகல் சூத்திரத்தைப் போட்டு, வந்த எண்ணைக் கிராஃப்டிங்கின் கணக்கில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் உங்கள் மாதிரி எந்தச் செல்லுலோஸ் என்று பாருங்கள்.

அகச்சிவப்பு வரைபடத்தைப் பற்றியும் ஒரு சொல். 1730 அலை எண்ணில் உச்சம் வந்தால் மெத்தாக்ரிலேட் ஏறிவிட்டது என்று எழுதுகிறீர்கள். பருத்தியில் சரி. பச்சையான வாழை நாரிலும் சணலிலும் ஹெமிசெல்லுலோஸின் அசிட்டைல் தொகுதி ஏற்கெனவே அதே இடத்தில், 1735க்கு அருகில், உட்கார்ந்திருக்கிறது. காரத்தில் ஊறவைத்ததும் அது மறைகிறதா, கிராஃப்டிங்குக்குப் பின் மறுபடி எழுகிறதா என்று மூன்று வரைபடத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துக் காட்டினால்தான் அந்த வாக்கியம் நிற்கும்.

இழுவலிமைக்கு வருகிறேன். கிராஃப்டிங்குக்குப் பின் டெக்ஸுக்கு இத்தனை கிராம் என்ற அளவில் வலிமை குறைகிறது; உடனே மறுபடியும் படிகத்தின் தலையில் பழி. டெக்ஸ் என்பது ஒரு கிலோமீட்டர் இழையின் எடை. நூறு சதவீதம் கிராஃப்ட் செய்தால் இழையின் நீளம் மாறாதபோது டெக்ஸ் இரட்டிப்பாகும். இழை அறும் சுமை அப்படியே இருந்தாலும் டெக்ஸால் வகுக்கும்போது பாதியாகிவிடும். தனி இழையின் அறுசுமையை முதலில் கிராமிலோ நியூட்டனிலோ சொல்லுங்கள். அதுவும் குறைந்திருந்தால் அப்போது காரணம் தேடலாம். முதல் சந்தேகம் சீரியத்தின் மேலும் அமிலத்தின் மேலும் வரட்டும். மோனோமர் சேர்க்காமல், மற்றெல்லாம் அதேபோல் வைத்து, நாரைச் சீரியக் கரைசலில் அதே நேரம் ஊறவைத்து எடுங்கள். அதன் அறுசுமையையும், குப்ரி எத்திலீன் டைஅமீனில் கரைத்து பாகுத்தன்மை வழியாகச் சங்கிலி நீளத்தையும் அளந்து பாருங்கள். நான் வாசித்த ஆய்வேடுகளில் இந்த வெற்று மாதிரியைக் காட்டியவர்கள் வெகு சிலரே. காட்டியவர்களின் அத்தியாயம் மட்டும் தனியாகத் தெரிகிறது.

படிகம் ஒருபோதும் சிதையாது என்று நான் சொல்லவில்லை. செல்லுலோஸைக் கரைப்பானில் முழுக்கக் கரைத்துவிட்டு, ஒருபடித்தான கரைசலில் பாலிமர் ஏற்றினால் பழைய படிகம் எதுவும் மிஞ்சாது. பந்து அரைவையில் நீண்ட நேரம் அரைத்தால் சிதையும். அசிட்டிக் அன்ஹைட்ரைடு போன்ற சிறிய மூலக்கூறு படிகத்தின் வெளிச் சங்கிலியை மாற்றி, அது விலகியதும் அடுத்த சங்கிலியை மாற்றி, ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டே போகும். சாசியும் ஷான்சியும் 1995இல் இதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காட்டினார்கள். இழையின் உருவம் அப்படியே இருக்கப் படிகங்கள் மெலிந்துகொண்டே போயின. காமாக் கதிரில் ராடிகல்கள் படிகத்துக்குள்ளேயும் உண்டாகும், சங்கிலிகளும் அறும். ஆனால் உள்ளே அடைபட்ட ராடிகலை மோனோமர் எட்ட முடியாததால் அங்கே கிராஃப்டிங் நடக்காது. ஸ்டாக்ஹோமில் கார்ல்மார்க்கும் மால்ம்ஸ்ட்ரமும் 2002இல் சாதாரண வடிதாளின் ஹைட்ராக்சில்களில் தொடக்கிகளைக் கட்டி, அங்கிருந்து அறை வெப்பத்தில் மெத்தில் அக்ரிலேட் சங்கிலிகளை வளர்த்தார்கள். தாள் தாளாகவே இருந்தது. ஆனால் தண்ணீரை ஒட்டவிடாத தாளாகிவிட்டது. படிகத்தைத் தொடாமல் இழையின் குணத்தைத் தலைகீழாக மாற்ற முடிகிறது என்பதுதான் இந்தத் துறையின் பெருமை. அந்தப் பெருமையை நீங்களே ஏன் மறைக்கிறீர்கள்?

உங்களிடம் நான் கேட்பது பெரிய கருவிகளை அல்ல. மத்தியக் கருவிக் கூடங்களில் மாதிரிக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டி வரிசையில் நிற்கிறீர்கள் என்பது தெரியும். உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகிறது என்பதும் தெரியும். அதனால்தான் அதிகச் செலவில்லாத ஒன்றைச் சொல்கிறேன். அசிட்டோனிலோ டைமெத்தில் ஃபார்மமைடிலோ கழுவி எடுத்தீர்களே, நாரில் ஒட்டாத பாலிமர், அதைக் கொட்டாமல் உலர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். கிராஃப்ட் செய்யாத நாரைப் பொடித்து, உங்கள் கிராஃப்டிங் சதவீதத்துக்குச் சமமான எடையில் அந்தப் பாலிமரைக் கலந்து, அதற்கும் ஓர் எக்ஸ்ஆர்டி எடுங்கள். கிராஃப்ட் செய்த நாரின் வரைபடமும் வெறுமனே கலந்த பொடியின் வரைபடமும் ஒன்றுபோல் இருந்தால் விஷயம் முடிந்தது, படிகம் அசையவில்லை. கலவையின் குறியீட்டைவிட உங்கள் குறியீடு தெளிவாகக் கீழே இருந்தால், 22.7 டிகிரி உச்சத்தின் அகலமும் கூடியிருந்தால், அப்போது நீங்கள் உண்மையிலேயே புதிய ஒன்றைக் கண்டிருக்கிறீர்கள். அதை உரக்கச் சொல்லுங்கள்.

அக்ரிலிக் அமிலம் ஏற்றியவர்களுக்கு இன்னொரு எளிய வழி இருக்கிறது. மெத்திலீன் நீலம் கார்பாக்சில் தொகுதியைப் பிடித்துக்கொள்ளும். இழையை அதில் ஊறவைத்து, நன்றாக அலசி, குறுக்காகச் சீவி, கல்லூரி நுண்ணோக்கியிலேயே பாருங்கள். நீலம் ஓரத்தில் மட்டும் வளையமாக நின்றால் உங்கள் பாலிமர் தோலாகப் படிந்திருக்கிறது. நடுவரை பரவியிருந்தால் மோனோமர் உள்ளே போயிருக்கிறது. எஸ்இஎம் படத்தில் ‘மேற்பரப்பு கரடுமுரடானது’ என்று பத்துப் பக்கம் எழுதுவதைவிட இந்த ஒரு சீவல் அதிகம் சொல்லும்.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உங்கள் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. திருப்பூர்ச் சாயக் கழிவைப் பற்றியும், ராணிப்பேட்டை, ஆம்பூர்த் தோல் ஆலைகளின் குரோமியத்தைப் பற்றியும் அங்கே எழுதுகிறீர்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்னதையும் பலர் குறிப்பிடுகிறீர்கள். உங்கள் நாரை அங்கே ஒரு தொட்டியில் போட நினைக்கும் பொறியாளருக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். பாலிமர் தோலாக இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா? தோலாக இருந்தால் சாயத்தை வேகமாகப் பிடிக்கும், கொள்ளளவு குறைவு. உள்ளே இருந்தால் மெதுவாகப் பிடிக்கும், நிறையப் பிடிக்கும். அடுத்து, அமிலத்தில் கழுவி மறுபடி மறுபடி பயன்படுத்தினால் நார் தாங்குமா? படிகம் அப்படியே இருந்தால் தாங்குவதற்கு இடமுண்டு. சிதைந்திருந்தால் சில சுற்றிலேயே கூழாகும். ‘படிகம் சிதைந்தது’ என்று நீங்கள் யோசிக்காமல் எழுதிய வாக்கியத்தை வாசித்துவிட்டு அவர் நல்ல ஒரு நாரைக் கைவிட்டுவிடக்கூடும். கலப்புப் பலகை செய்கிறவருக்கும் அப்படியே. வாழை நாரின் வலிமை அதன் நுண்ணிழைகள் இழையின் நீளப்போக்கிலேயே நிமிர்ந்து கிடப்பதிலும் படிகங்களிலும் இருக்கிறது. அது கெடாமல் மேற்பரப்பு மட்டும் ரெசினோடு ஒட்டும்படி மாறியிருக்கிறது என்பது அவருக்கு எவ்வளவு நல்ல செய்தி!

வழிகாட்டிகளாக இருக்கும் சக ஆசிரியர்களும் இதை வாசித்தால், மாணவர்கள் கலவை மாதிரிக்கும் வெற்று மாதிரிக்கும் கூடுதலாகக் கருவி நேரம் கேட்கும்போது மறுக்காமல் கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மாணவர்களே, ஆய்வேட்டைக் கட்டக் கொடுக்குமுன் அட்டவணையில் நான்கு வரி பாருங்கள்: மூல நார், காரமிட்ட நார், மோனோமரில்லாமல் சீரியத்தில் ஊறிய நார், நாரும் பாலிமரும் வெறுமனே கலந்த பொடி. அவற்றுக்குக் கீழே ஐந்தாவது வரியாகக் கிராஃப்ட் செய்த நார் வரட்டும். கழுவி எடுத்த பாலிமர் இன்னும் குப்பியில் மிச்சம் இருப்பவர்கள் இந்த வாரமே அந்தக் கலவையை அரைத்து அனுப்பிவிடலாம். வரைபடம் வந்ததும் எனக்கும் ஒரு படி அனுப்புங்கள். குறியீடு எந்தப் பக்கம் போயிருந்தாலும் உட்கார்ந்து பேசுவோம்.

அன்புடன்,
இழை வேதியியல் கற்பிக்கும் ஓர் ஆசிரியர்